மேரிறோஸின் வேலியில் ஒரு கதியால் குறைகிறது

நாரந்தனைப் பக்கம் ஒரு சுவர் தளிர்த்துவிட்டதாக முதலில் சொன்னவர் பஸ் கொண்டக்டர். யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் பஸ்ஸில் டிக்கற்றையும் செய்தியையும் அவர் ஒரே கையால்தான் கிழித்துக் கொடுப்பார். வேலணை தாண்டும்போது சுவரில் தளிர் மட்டும் இருந்தது. சரவணைக்கு வந்தபோது பூவும் வந்துவிட்டது. அனலைதீவுப் படகைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா, பூவிலிருந்து எண்ணெய் வடிகிறதென்றும், அதைத் தொட்டு முழங்காலில் பூசிய ஒருவர் இப்போது சைக்கிள் ஓடுகிறார் என்றும் சொன்னார்.

"அவர் முதலும் சைக்கிளோடைதானே திரிஞ்சவர்," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஓம், உருட்டிக்கொண்டு. இப்ப ஏறி ஓடுறார்," என்றார் அம்மா.

காய்ப்பது ஒன்றுதான் பாக்கி என்ற நிலையில், பார்க்காமல் போவது சரியில்லை என்று நாரந்தனையில் இறங்கினேன்.

சுவர் றஞ்சனியுடையது. பிரான்சிலிருந்து திரும்பி வந்து, தகப்பனின் பழைய கல்வீட்டைத் திருத்தி, வெளிநாட்டிலிருந்து ஊர் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு விடுதியாக்கியிருக்கிறார். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன.

"செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ அண்ணை," என்றார் றஞ்சனி, களைத்த குரலில். "நான் சொல்லேல்லை. சனம் தானாக் கழட்டுது. அதுக்குப் பிறகு நானும் கழட்டவேண்டியதாப் போச்சு."

முன்கூடத்தில் நீளமான சோபா ஒன்று. அதற்கு மேலே, சுவரை நிறைத்து ஒரு முடிச்சுத் தொங்கல். தடித்த வெள்ளைப் பருத்தி நூலை ஒரு தடியில் வரிசையாகக் கட்டி, கீழே இலையும் சாய்சதுரமுமாக முடிந்து, நுனிகளைக் குஞ்சமாக விடுவார்களே, அந்த வேலை. நூல் நூலாகத்தான் இருந்தது. தளிர்த்திருந்தது தடி. ஒரு முனையில் கொத்தாகவும் நடுவில் ஒற்றையாகவும் சின்னச் சின்னப் பச்சை இலைகள், மார்கழி மழைக் குளிரில் மினுமினுவென்று நின்றன. பூ இல்லை. எண்ணெயும் இல்லை. ஆனால் சோபாவின் கைப்பிடியில் யாரோ மெழுகுதிரி ஒட்டிப் பார்த்த தடம் இருந்தது.

"பச்சைத் தடி தளிர்க்கிறது புதினமில்லையே," என்றேன்.

"இது பச்சைத் தடி இல்லை அண்ணை. கடல்லை அடிச்சு வந்த தடி. இதை முடிஞ்ச ஜசிந்தா அப்பிடித்தான் சொன்னவா. கடல்லை உப்பூறிக் கிடந்தது தளிர்த்தால் அற்புதம் எண்டுதானே சனம் சொல்லும்."

ஆக, அற்புதத்தின் வேர் மரத்தில் இல்லை, ஜசிந்தாவின் வாயில் இருந்தது. ஜசிந்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருடைய சீவியத்தை எழுதுவது மிகச் சுலபம். தமையனின் மனைவி மேரிறோஸின் சீவியத்தை எழுதி, ஒவ்வொரு வரிக்கும் கீழே "அதற்கு அடுத்த மாதம் இவரும்" என்று சேர்த்தால் போதும்.

ஜசிந்தா நாரந்தனையில் பிறந்தவர். தகப்பன் கடல் தொழில். ஒரே தமையன் ஜெகதீஸ், அதே தொழில். கரைக்கு வந்ததும் பாரை மீனின் நடுத்துண்டைத் தங்கைக்கென்று ஓலையில் சுற்றிக்கொண்டு வருகிற தமையன். மெலிஞ்சிமுனையிலிருந்து மேரிறோஸ் அவருக்கு மணமகளாக வந்தார். அடுத்த வளவில் வீடு. நடுத்துண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போனது. தங்கைக்கு வால் துண்டு வந்தது. ஜசிந்தா அதற்குப் பிறகு யாகப்புவைக் கட்டினார், பிள்ளைகளைப் பெற்றார், சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்தார், திரும்பி வந்து வீட்டைக் கட்டினார். ஆனால் அந்த வால் துண்டை மட்டும் இன்னும் விழுங்கவில்லை.

மேரிறோஸ் வீட்டுக்கு மாபிள் பதித்தபோது ஜசிந்தாவும் பதித்தார். அதில் வழுக்கி யாகப்பு இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மாரி முழுக்கக் கடலுக்குப் போகவில்லை. மேரிறோஸ் காஸ் அடுப்பு வாங்கினார். ஜசிந்தாவும் வாங்கினார், அத்தோடு நில்லாமல் குசினியில் இருந்த விறகடுப்பை இடித்து, புகைக்கூட்டை அடைத்து, அந்த இடத்தில் கண்ணாடி அலுமாரி வைத்தார். மேரிறோஸ் பழைய அடுப்பைப் பின்பக்கத்தில் அப்படியே விட்டுவைத்தார். அப்போது ஜசிந்தா அதைப் பார்த்துச் சிரித்தார். இந்த அடுப்பு பிறகு வரும்.

"என்ரை மனிசிக்குச் சாகிறதுக்கும் பயமில்லை," என்று யாகப்பு இறங்குதுறையில் வைத்துச் சொன்னார். "மேரிறோஸ் முதல் போகவேணும். பெட்டி என்ன நிறமெண்டு பாத்துப்போட்டு, அதைவிட நல்லதிலை போறதுக்குத்தான் நிக்கிறா."

முடிச்சு வேலையும் அப்படித்தான் வந்தது. வேதக்கோயில் மண்டபத்தில் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். மேரிறோஸ் போனார். அடுத்த நாள் ஜசிந்தா போனார். ஆனால் இங்கே ஒரு விபத்து நடந்துவிட்டது. ஜசிந்தாவுக்கு உண்மையிலேயே கை வந்தது. மேரிறோஸின் முடிச்சு வலை பொத்துகிறவர்களின் முடிச்சு. இறுக்கம், சிக்கனம், ஒரு அங்குல நூலைக்கூட வீணாக்காது. பார்த்தால் மீன் பிடிக்கலாம் போலிருக்கும். ஜசிந்தாவின் முடிச்சு நூலை அள்ளி இறைக்கும். இலை இலையாகத் தழையும். பார்த்தவர்கள் எல்லோரும் ஜசிந்தாவின் வேலையைத்தான் தொட்டுப் பார்த்தார்கள். சீவியத்தில் முதல் தடவையாக மேரிறோஸை விட ஒன்று தன்னிடம் கூட இருக்கிறது என்று ஜசிந்தா கண்டுபிடித்தார்.

அதைக் கெடுத்தது தடி.

வகுப்பு எடுத்த பிள்ளை தடியைப் பற்றித் தெளிவாகவே சொல்லியிருந்தது. முடிச்சின் அகலத்தைவிட இரண்டு பக்கமும் நாலு விரலாவது தடி கூட நிற்கவேண்டும், இல்லாவிட்டால் கரை நூல் வழுகி விழும். சோபாவுக்கு மேலே தொங்கவிடுவதென்றால் சோபா நீளத்தை மூன்றாகப் பிரித்து இரண்டு பங்குக்குத் தடி எடுக்கவேண்டும். குறைந்தால் சட்டைக்குப் பொத்தான் குத்தினமாதிரி இருக்கும், கூடினால் சோபா அதற்குக் கீழே ஒளித்திருக்கிற மாதிரி இருக்கும். சின்னத் தொங்கலுக்குப் பெருவிரல் பருமன் போதும். அகலம் கூடக் கூடத் தடியும் பருக்கவேண்டும். பருத்தி நூல் மாரியில் ஈரம் குடித்துப் பாரமாகும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்கெடுக்கவேண்டும்.

ஜசிந்தா நீளத்தைக் கேட்டார். பருமன் சொல்லும்போது மேரிறோஸ் என்ன நிறத்தில் நூல் எடுக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் தொங்கலைக் கூட்டுகிற தும்புத்தடிக் கட்டையில் கட்டிக் கோயில் மண்டபத்துக்குக் கொடுத்தார். மழை தொடங்கியதும் நடுப்பகுதி தொய்ந்தது. "மச்சாளின்ரை தொங்கல் என்னைப் பாத்துச் சிரிக்குது," என்றார் மேரிறோஸ், பூசை முடிந்து ஆட்கள் நிற்கிற நேரமாகப் பார்த்து. வளைந்த தடி சிரிக்கிற வாய் போலத்தான் இருந்தது. ஜசிந்தா யன்னல் சீலை போடுகிற இரும்புக் குழாய்க்கு மாறினார். உப்புக் காற்றில் அது துருப்பிடித்து, வெள்ளை நூலில் வெற்றிலை துப்பினமாதிரிக் கறை. பிளாஸ்ரிக் தண்ணீர்க் குழாய் எடுத்தார். அதில் முடிச்சு ஓரிடத்தில் நில்லாமல் வழுக்கிக்கொண்டே போனது. பனைமட்டையின் கருக்கைச் சீவிக் கட்டினார். மட்டை எந்தப் பக்கம் வளையலாம் என்று தானே முடிவெடுத்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் மேரிறோஸின் தொங்கல்கள் எல்லாம் மட்டம் வைத்தமாதிரி நேராக நின்றன. பழுப்பு நிறத்தில், எடையில்லாமல், வளையாத தடிகள். எங்கே எடுக்கிறீர் என்று கேட்டால் மேரிறோஸ், "கிடைக்கிற இடத்திலைதான்," என்பார். ஜசிந்தா வேலியில் இருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் பார்த்தார். பின்பக்கத்தில் தோல் சீவிய கிளுவைத் தடிகள் சாத்தியிருப்பது ஒருநாள் தெரிந்தது. கிளுவையா என்று தனக்குள் சிரித்துக்கொண்டார். இவ்வளவுதானா. எல்லா வேலியிலும் நிற்கிற கிளுவை.

அந்த நேரத்தில்தான் றஞ்சனி விடுதி கட்டி முடித்து, முன்கூடத்துக்கு ஒரு பெரிய தொங்கல் கேட்டார். அது பிடித்தால் எல்லா அறைகளுக்கும் அவரிடமே என்றார். மேரிறோஸும் கேட்டிருந்தார். றஞ்சனி ஜசிந்தாவின் முடிச்சைத் தேர்ந்தெடுத்தார். ஒரேயொரு ஆசையும் சொன்னார். கடலில் ஒதுங்கிய தடியாக இருந்தால் வடிவாயிருக்கும், தோல் கூடச் சீவவேண்டாம்.

ஜசிந்தாவுக்கு அறைகளின் சுவர் எதுவும் கண்ணில் நிற்கவில்லை. முன்கூடத்துச் சுவர் நின்றது. விடுதித் திறப்புவிழாவுக்கு மேரிறோஸ் வருவார். வந்தால் சோபாவுக்கு மேலே தலையை நிமிர்த்தித்தான் பார்க்கவேண்டும். மேரிறோஸ் அண்ணாந்து பார்க்கிற ஒரு பொருளைத் தான் செய்யவேண்டும். அதற்குச் சிரிக்காத தடி வேண்டும்.

கரையெல்லாம் தேடினார். கடல் செருப்பும் போத்தலும் மிதவையும் தந்தது, தடி தரவில்லை. திறப்புவிழா நெருங்கியது. அந்த வாரம்தான் ஜெகதீஸ், முதல் மழையோடு, இரண்டு வளவுக்கும் இடையில் உள்ள வேலியைப் புதுப்பித்திருந்தார். அந்த வேலி அவர்கள் பங்கு. கட்டுவதும் அவர்கள், வேலிக்கென்று ஊன்றுகிற பச்சைத் தடியான கதியாலும் அவர்களுடையது. புதிதாக நட்ட கிளுவைக் கதியால்களில் ஒன்று, கிளுவைக்கே பொருந்தாத அளவுக்கு நேராக நின்றது. கணுவில்லை, வளைவில்லை, மணிக்கட்டுப் பருமன். சோபாவின் மூன்றில் இரண்டு பங்கை அளந்து வெட்டின மாதிரி.

ஜசிந்தா அதைப் பார்த்தார். மேரிறோஸும் அதைத் தனக்கென்று பார்த்து வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

விடியப்புறம் பூசைக்கு ஆட்கள் போன நேரத்தில் ஜசிந்தா அதைப் பிடுங்கினார். மண் இன்னும் இளக்கம், சத்தமில்லாமல் வந்தது. வேலியில் ஓட்டை தெரியாமல் அந்த இடத்தில் ஒரு காய்ந்த பனைமட்டையைக் குத்திவிட்டார். அடியில் ஒட்டிய சேற்றைக் கடற்கரை மணலால் தேய்த்துக் கழுவினார். றஞ்சனியிடம் கொடுக்கும்போது, "கடல் தந்தது," என்றார்.

திறப்புவிழாவில் மேரிறோஸ் அண்ணாந்து பார்த்தார். ஜசிந்தா அதைப் பார்த்தார். ஒரு மாதம் சந்தோசமாக இருந்தார். அதற்குப் பிறகு தடி தளிர்த்தது.

நான் போன அன்று ஜசிந்தாவும் அங்கேதான் நின்றார், வருகிறவர்களுக்கு எந்தப் பக்கத்தால் தளிர் வந்தது என்று காட்டிக்கொண்டு. வாசலில் சலசலப்புக் கேட்டது. மேரிறோஸ் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

"எங்கை அந்த அற்புதம்?"

யாரும் காட்டவேண்டியிருக்கவில்லை. சோபாவில் ஒரு முழங்காலை ஊன்றி ஏறி, தடியை மூக்கருகில் வைத்து மணந்தார்.

"கிளுவை."

"கடல்லை வந்தது மச்சாள்," என்றார் ஜசிந்தா.

"கடல்லை கிளுவை வருமோ?"

"என்னதான் வராது. போன வருசம் கதிரையே வந்தது."

"கதிரை வரும். இதின்ரை தலை சரிச்சு வெட்டியிருக்கு. கடல் கத்தியும் வச்சிருக்குதோ? மழைத்தண்ணி நிண்டு அழுகாமல் இப்பிடிச் சரிச்சு வெட்டுற ஆள் இந்த ஊரிலை ஒராள்தான். உம்மடை தமையன்."

"அண்ணை வெட்டினதெண்டால் எனக்கும் பங்கு இருக்குத்தானே."

மேரிறோஸ் சோபாவிலிருந்து இறங்கினார். சனத்தைப் பார்த்துப் பேசினார்.

"எங்கடை வேலியிலை நட்டதெல்லாம் தளிர்ச்சிட்டுது. ஒண்டு மட்டும் தளிர்க்கேல்லை. நேரா நிண்டதெண்டு நான் கண் வச்சிருந்த இடத்திலை. பாவமெண்டு அதுக்கு மட்டும் தனியாத் தண்ணி ஊத்தினனான். மாசக்கணக்கா ஊத்தினனான். நேற்றுத் தொட்டுப் பாத்தால், பனைமட்டை."

மெழுகுதிரியோடு வந்திருந்த ஓர் ஆச்சி திரியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "அப்ப இது ஆற்றை அற்புதம் பிள்ளையள்?"

"கதியால் என்ரை. அப்ப தளிரும் என்ரை. பாக்க வாற சனமும் என்ரை," என்றார் மேரிறோஸ்.

"முடிச்சு?"

"உம்மடை முடிச்சை அவிட்டுக்கொண்டு போம்."

"நான் முடியாட்டி அது வேலியிலை நிண்டிருக்கும். வேலியிலை தளிர்க்கிறதைப் பாக்க ஆர் செருப்புக் கழட்டினவை?"

இதில் இரண்டு பேருக்கும் நியாயம் இருந்ததால் கூட்டம் அசையாமல் நின்றது. றஞ்சனிதான் இடையில் வந்தார்.

"ஜசிந்தா, கடல்லை வந்ததெண்டு எனக்கேன் சொன்னனீர்?"

"நீங்கள் ஆசைப்பட்டுக் கேட்டனீங்கள். இல்லையெண்டு சொன்னால் மேரிறோஸிட்டைப் போவியள்."

அப்படி வெளிப்படையாக ஒரு காரணத்தை றஞ்சனி பிரான்சில் கேட்டிருக்கமாட்டார். தொங்கலை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். மேரிறோஸ் அந்த இடைவெளியை விடவில்லை.

"என்ரை தடி ஒண்டாவது தளிர்த்ததெண்டு ஆரும் சொல்லட்டும். நானும் கிளுவைதான் எடுக்கிறனான். வெட்டித் தோலைச் சீவி, பின்பக்கத்து விறகடுப்புக்கு மேலை பரணிலை ஒரு கோடை முழுக்கப் புகைக்குள்ளை போடுவன். அதுக்குப் பிறகு அது வளையாது, தளிர்க்காது, பூச்சியும் கிட்ட வராது."

சொல்லி முடித்த பிறகுதான் மேரிறோஸுக்குத் தெரிந்தது, இவ்வளவு காலமும் பொத்திவைத்திருந்ததைத் தானே சொல்லிவிட்டது. ஆனால் ஜசிந்தாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கவலை போயிருக்கவேண்டும். ஜசிந்தா புகைக்கூடு இருந்த இடத்தில் நிற்கிற கண்ணாடி அலுமாரியை நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு கோப்பைகூட இன்னும் அடுக்கவில்லை.

றஞ்சனி தீர்ப்புச் சொன்னார். "எனக்கு இந்த முடிச்சுத்தான் வேணும். ஆனால் அறையளுக்குத் தளிர்க்கிற தடி வேண்டாம். பூச்சி வரும். மேரிறோஸின்ரை தடி மாதிரிப் புகைக்குள்ளை காய்ஞ்சதிலை ஜசிந்தா முடிஞ்சு தரட்டும். தடிக்கு நான் தனியா மேரிறோஸிட்டை எடுப்பன். நீங்கள் ரண்டு பேரும் கதைச்சு முடிவெடுங்கோ. ஈஸ்ரருக்கு முதல் வேணும்."

கதைத்து முடிவெடுக்கச் சொன்னதுதான் பிழை.

கிறிஸ்மஸ் கிழமையில் தளிர் வாடி உதிர்ந்தது. தடிக்குள் இருந்த ஈரம் அவ்வளவுதான். வாசலில் செருப்பு குறைந்தது. கொண்டக்டர் வேறு செய்திக்கு மாறினார். ஜசிந்தா முதலில் மேரிறோஸைத் தவிர்த்துப் பார்த்தார். தோலை மேலோட்டமாகச் சீவிய கிளுவைத் தடிகளைத் தன் காஸ் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டார். காஸில் புகை ஏது. தை மாதம் அவற்றின் கணுக்களில் பச்சை எட்டிப் பார்த்தது. யாகப்பு, கறிவேப்பிலை இல்லாத நாளில் அதிலை கிள்ளலாமோ என்று கேட்டு, இரவுச் சாப்பாட்டை ஜெகதீஸ் வீட்டில் சாப்பிட வேண்டி வந்தது.

கடைசியில் ஜசிந்தா வேலியடிக்குப் போனார். பரணில் தடி நிறைய இருப்பது பொட்டுக்குள்ளால் தெரிந்தது.

"மச்சாள், றஞ்சனிக்கு வேணுமாம்."

"தாறன். நீர் எனக்கு ஒரு கதியால் கடன். அதை நட்டுத் தாரும். தளிர்க்கட்டும், அண்டைக்கே தடி எல்லாம் இறக்கித் தாறன். உம்மடை தளிர் ஊருக்கே தெரிஞ்ச தளிர்தானே."

ஜசிந்தா பனைமட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தன் வளவில் இருந்த நல்ல கிளுவைக் கொப்பாகப் பார்த்து வெட்டி நட்டார். தலையைச் சரித்துத்தான் வெட்டினார். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். சுவரில், தண்ணீர் இல்லாமல், வேர் இல்லாமல், நூலைச் சுமந்துகொண்டு தளிர்த்த அதே சாதி மரம், மண்ணில் நட்டபோது மூச்சுக் காட்டவில்லை.

பங்குனி வெயிலில் மறுபடி போனேன். கதியால் நின்றது. தோல் சுருங்கியிருந்தது. நகத்தால் சுரண்டினால் உள்ளே இன்னும் கொஞ்சம் பச்சை, அல்லது பச்சை என்று நினைக்கலாம்.

"இரவிலை கொதிதண்ணி ஊத்திறா," என்றார் ஜசிந்தா, தாழ்ந்த குரலில். "தடி தாறதெண்டால் என்ரை வேலை எல்லா அறையிலையும் தொங்கும். அதை அவ தாங்கமாட்டா."

வேலிக்கு மற்றப் பக்கம் மேரிறோஸ். "நான் ஏன் ஊத்திறன்? எனக்குக் கதியால் வேணும். மழை முடிஞ்ச பிறகு நட்டால் எது பிடிக்கும். அதோடை அந்தக் கை நட்டது. அந்தக் கையின்ரை எண்ணம் எல்லாம் என்ரை பரணிலை."

குனிந்து பார்த்தேன். கதியாலின் அடியில் இரண்டு பக்கமும் ஈரம் இருந்தது. ஒரு பக்கத்து ஈரத்தில், கொதிக்கக் கொதிக்க வடித்த கஞ்சியோடு விழுந்ததுபோல, சோற்றுப் பருக்கை ஒன்று ஒட்டியிருந்தது. இரண்டு வீட்டிலும் அன்று மத்தியானம் சோறுதான்.

விடுதி அறைகளில் ஆணி அடித்தாகிவிட்டது. ஆணியில் எதுவும் இல்லை. றஞ்சனி ஈஸ்ரர் வரையும் பார்ப்பேன் என்கிறார். மேரிறோஸின் பரணில் தடிகள் இன்னும் புகை குடிக்கின்றன. ஜசிந்தாவின் அலுமாரியில் கயிற்றில் முடிந்து வைத்த நூல்கள், கட்டத் தடியில்லாமல், மடித்துக் கிடக்கின்றன; கோப்பைக்கென்று வைத்த தட்டு இப்போதுதான் நிறைந்திருக்கிறது. வேலியில் தளிர்க்காத அந்தக் கதியால் பக்கத்தில் இருக்கிற இடைவெளியால் மேரிறோஸின் ஆடு தினமும் ஜசிந்தா வளவுக்கு வந்து மேய்ந்துவிட்டுப் போகிறது. அதை யார் கணக்கில் எழுதுவது என்று இன்னும் பேச்சு வரவில்லை. முதலில் கதியால் தளிர்க்கட்டும் என்கிறார்கள், இரண்டு பேருமே.